டிரைவிங் ஸ்கூல் அனுபவம்: 5க்கு 3

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு டிரைவிங் ஸ்கூலில் கார் கற்றுக்கொண்டேன், பேர் வேண்டாம். காலை ஆறு மணி என்றால் ஆறுக்கு வண்டி வாசலில் நிற்கும், ஹாஃப் கிளட்ச்சைப் பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள், அதில் குறையே இல்லை.

ஆனால் கோரிப்பாளையம் வந்தாலே மாஸ்டர், "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா இந்த டிராபிக், நான் பாத்துக்கிறேன்" என்று தன் பக்க பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கையும் பிடித்துக்கொள்வார்; அதே காசு கட்டிய என் தம்பி முதல் வாரமே அங்கே ஓட்டினான். திட்டினால் சண்டை போடலாம், பாசமாகச் சொல்பவரிடம் என்ன செய்ய?

பீட்டர் கிளிக், சூசன் ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் 1996ல் இதைத்தான் பிரித்துக் காட்டினார்கள். பெண்ணை வெறுக்கிற பாகுபாடு ஒன்று, பொத்திப் பொத்தி வைக்கிற பாகுபாடு இன்னொன்று. இரண்டையும் அளக்க, ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா என்று கேட்கும் 22 வாக்கியங்கள். அப்புறம் 19 நாடுகளில் பார்த்தால், ஒன்று அதிகமாக இருக்கும் நாட்டில் மற்றதும் அதிகம். நம்ம மாஸ்டர் இரண்டாவது ரகம், சந்தேகமே இல்லை.

கடைசி வாரம், "பிரேக்குல இருந்து காலை எடுங்கண்ணே" என்று கேட்டேவிட்டேன். முறைத்தார், எடுத்தார். ஏ.வி. பாலம் தாண்டும் வரை வண்டி ஒரே ஒரு தடவைதான் ஆஃப் ஆனது.