ஏல மலையில் ஒரு தியான இல்லம்: வார இறுதி முகாம் குறித்த மதிப்பீடு

குமுளிக்கும் வண்டிப்பெரியாறுக்கும் இடையே, ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த சரிவில் கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் சிறிய தியான இல்லம் ஒன்றில், தவக்கால வார இறுதி முகாமில் கலந்துகொண்டேன். ஒலிபெருக்கிப் பிரசங்கத்தையும் கைதட்டிப் பாடுவதையும் எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு இந்த இடம் ஏமாற்றமளிக்கும். வாகமண் அருகே 1958இல் தொடங்கப்பட்ட குரிசுமலை ஆசிரமம், கேரளக் கிறிஸ்தவர்களின் பழைய சுரியானி மொழி மரபு வழிபாட்டையும் ஐரோப்பியத் துறவொழுங்கையும் ஆசிரம எளிமையோடு இணைத்துக் காட்டியது. இவர்களும் அந்த வழியையே தழுவியிருக்கிறார்கள்.

வந்தவுடன் கைப்பேசியை வாங்கி, பெயர் எழுதிய துணிப்பையில் போட்டுவிடுகிறார்கள். விடியற்காலையில் சிமெண்டுத் தரையில் விரித்த கோரைப்பாயில் அமர்ந்து, 'ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்' என்ற கீழைத் திருச்சபையின் பழைய மன்றாட்டை மூச்சின் போக்கோடு சேர்த்து மனத்துக்குள் சொல்ல வேண்டும். நண்பகலில் 'ஆண்டவரே, இரக்கம் வையும்' என்று பொருள்படும் 'குரியேலாயிசோன்' என்பதைச் சொல்லிச் சொல்லி, நெற்றி தரையில் படும்படி விழுந்து எழுகிறார்கள். என் முழங்கால் முதல் நாளே முனகத் தொடங்கிவிட்டது. ஆனாலும், 'இரக்கம் வையும்' என்று உதடு சொல்லும்போது உடம்பும் சேர்ந்து குனிந்தால் அந்தச் சொல் அத்தனை எளிதில் வாய்ப்பாடாகிவிடுவதில்லை என்பதை அங்கே உணர முடிந்தது.

அதனால்தான் மாலையில் வெளியிலிருந்து வந்த ஒருவர் நடத்திய மூச்சுப்பயிற்சி வகுப்பு எனக்கு ஒட்டவில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் ஆகியவற்றைப் பற்றியே பேசினார். செபத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உடல் நிலைகளும் மூச்சும் செபத்துக்குத் துணையாகலாம் என்று ஏற்றுக்கொண்ட வத்திக்கானின் 1989ஆம் ஆண்டு மடலே, பயிற்சியால் தானாக உண்டாகும் இதமான உணர்வைத் தூய ஆவியார் தரும் ஆறுதல் என்று எண்ணிவிடக் கூடாது என்றும் எச்சரித்திருக்கிறது. அந்த வேறுபாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் விட்டதே இந்த முகாமின் பெரிய குறை.

பிற்பகலில் தோட்டவேலை உண்டு. எகிப்தின் பாலைவனத் துறவியர் பாய் முடைந்துகொண்டே செபித்ததை ஃபாதர் நினைவூட்டியபோது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அக்கா ஒருவர், "வாரம் பூரா வேலைதானே ஃபாதர் செய்யுறோம், இங்கயும் வேலையா?" என்று கேட்டுவிட்டார். ஃபாதர் சிரித்துவிட்டு, "நீங்க போய்த் தூங்குங்கம்மா" என்றார். விவிலியத்தில் இறைவாக்கினர் எலியா ஓரேபு மலைக்குப் போகும் முன், சாக விரும்பிச் செடியடியில் படுத்தபோது, வானதூதர் முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடியும் உறங்க விட்டதை அன்றிரவு வாசிக்கவும் செய்தார். உடல் ஒறுத்தலை எல்லாருக்கும் ஒரே அளவில் விதிக்காத அந்த நிதானத்துக்காகவே இவ்விடத்தைப் பரிந்துரைக்கலாம். நோன்பிலும் அப்படித்தான்: மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கேட்காமலே காலையில் கஞ்சி வந்தது.

சாப்பாடு கஞ்சியும் பயறும் சுக்குக்காப்பியும்தான், நன்றாகவே இருந்தது. குளியலறையில் வெந்நீர் கிடையாது. வந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத் தமிழர்களாக இருந்தும், செபத்தாள்கள் மலையாள எழுத்தில் மட்டுமே இருந்தன. பக்கத்திலிருப்பவரிடம் கேட்டுக் கேட்டுச் சொல்வது அமைதி முகாமில் எப்படிச் சரிவரும்? தமிழ்ப் பிரதி அச்சடிப்பது பெரிய செலவல்ல.

கட்டணம் இல்லை, காணிக்கைப் பெட்டி மட்டும் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் நாற்காலி வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டால் தயங்காமல் தருகிறார்கள். கம்பளியும் டார்ச்சும் கட்டாயம் கொண்டுபோகவும். மூச்சுப்பயிற்சி வகுப்பைத் தவிர்க்க விரும்பினால் அந்த நேரத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போகலாம், யாரும் தடுப்பதில்லை.