ஐடிலில் குலுங்கும் பழைய கார்: ஸ்கேனரா, வேக்குவம் கேஜா, புகை மெஷினா?

பழைய கார் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) சீராக நிற்கவில்லை என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வந்து விழும். ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) மாட்டு, பிளக்கை மாற்று, த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குக் காற்று போகும் வாசல்) கழுவு. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டியில் பலித்திருக்கும், அதனால்தான் சொல்பவர் அவ்வளவு உறுதியாகச் சொல்கிறார். என் கட்சி இது: பழைய வண்டி என்றால் முதலில் வேக்குவம் கேஜ் (இன்ஜின் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் முள் கருவி), அடுத்து சிலிண்டர் சிலிண்டராகத் துண்டித்துப் பார்ப்பது, ஸ்கேனர் அதற்கும் பிறகு. பாகம் மாற்றிப் பார்ப்பது கடைசியிலும் கடைசி.

எந்தக் கருவியையும் எடுக்கும் முன் ஒன்றைக் கவனித்துவிடுங்கள். ஆர்பிஎம் முள் அசையாமல் நிற்க, ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்கிறதா? அப்படியானால் இன்ஜின் மவுண்ட் ரப்பர் போயிருக்கலாம். அதற்கு ஆயிரம் பிளக் மாற்றினாலும் பயனில்லை. முள்ளும் ஆடுகிறது என்றால், எப்படி ஆடுகிறது என்று பாருங்கள். மெதுவாக 600க்கும் 1,200க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் காற்றிலோ ஐடில் கண்ட்ரோலிலோ கோளாறு. ஒரே தாளத்தில் உதறினால் ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. இந்த ஒரு பிரிவினையே பாதி வேலையை முடித்துவிடும்.

சரி, ஸ்கேனருக்கும் கேஜுக்கும் நடுவே உள்ள சண்டைக்கு வருவோம். ஸ்கேனரை மாட்டுவதற்கான பொது ஏற்பாடான ஓபிடி-2 அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பியப் பெட்ரோல் கார்களில் 2001 முதலும்தான் கட்டாயமானது, அதற்கு முந்தைய பல வண்டிகளில் இன்றைய ஸ்கேனரை மாட்ட இடமே இருக்காது. இடம் இருந்தாலும், அது காட்டும் கோளாறு எண்ணை மட்டும் படித்துவிட்டு முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். பி0171 என்று வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் கருதுகிறது, அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சாரை மாற்று என்று அதற்கு அர்த்தமே கிடையாது. பி0300 வந்தால் எங்கெங்கோ மிஸ் அடிக்கிறது என்கிறது, எதனால் என்று சொல்லாது.

ஸ்கேனரின் உண்மையான பலம் லைவ் டேட்டாவில், அதிலும் ஃபியூயல் ட்ரிம் எண்களில் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பது) இருக்கிறது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். சைபரை ஒட்டி 5 சதவீதம் மேலே கீழே இருந்தால் கவலை இல்லை, 10ஐத் தாண்டினால் யோசிக்க வேண்டும். ஐடிலில் பிளஸ் 20, அதே வண்டியை 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் பிளஸ் 4 என்று இறங்கினால் அது பெரும்பாலும் காற்றுக் கசிவு, ஏனென்றால் ஓட்டை வழியே வரும் காற்று ஐடிலில் மொத்தக் காற்றில் பெரிய பங்கு, வேகம் கூடும்போது அது ஒன்றுமில்லாமல் போய்விடும். தலைகீழாக, வேகத்தில்தான் ட்ரிம் ஏறுகிறது என்றால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் (உள்ளே வரும் காற்றை அளப்பது) பக்கம் போகலாம். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏர்ஃப்ளோ சென்சாருக்குப் பதிலாக, மேனிஃபோல்டின் (காற்றை சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள வண்டிகளில் கசிந்து வரும் காற்றையும் சென்சார் சேர்த்தே அளந்துவிடும், கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலை ஊற்றும், ட்ரிம் எண் நல்ல பிள்ளை மாதிரி சும்மா இருக்கும். ஐடில் மட்டும் உயரும். ட்ரிம் சரியாக இருக்கிறது, கசிவே இல்லை என்று அங்கே சத்தியம் செய்துவிடக் கூடாது.

வேக்குவம் கேஜுக்கு இந்தப் பேதமெல்லாம் கிடையாது. கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா என்று அது கேட்காது. த்ராட்டிலுக்குப் பிறகு, மேனிஃபோல்டிலிருந்து வரும் ஒரு ஹோஸில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான் (டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் குழாயில் மாட்டினால் பல வண்டிகளில் ஐடிலில் ஒன்றும் காட்டாது). ஆரோக்கியமான இன்ஜின் சூடான பிறகு ஐடிலில் கடல்மட்டத்தில் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் வரை காட்டி அப்படியே நிற்கும், உயரம் 300 மீட்டர் கூடக் கூட ஏறக்குறைய 1 அங்குலம் குறையும். எண்ணைவிட முள்ளின் நடத்தைதான் விஷயம். ஆடாமல் தாழ்வாக நின்றால் காற்றுக் கசிவு அல்லது பின்தங்கிய இக்னிஷன் டைமிங் (தீப்பொறி தாமதமாக வருவது). சீரான இடைவெளியில் டக் டக்கென்று கீழே விழுந்து எழுந்தால் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. ஐடிலில் வேகமாக நடுங்கி, ரேஸ் கொடுத்ததும் அடங்கினால் வால்வு கைடு தேய்மானம். மெல்ல இப்படியும் அப்படியும் மிதந்தால் கலவையைச் சந்தேகியுங்கள். இவ்வளவையும் ஒரு முள் சொல்கிறது, பேட்டரிகூட வேண்டாம். அதன் குறை, எந்த சிலிண்டர் என்றோ எந்த ஹோஸ் என்றோ அது சொல்லாது.

எந்த ஹோஸ் என்பதற்கு மூன்று வழிகள். கையால் கிள்ளிப் பார்ப்பதை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அதுதான் பிடிக்கும். பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை அழுத்திப் பிடித்ததும் குலுக்கல் நின்றால், கசிவு அதற்கு அப்பால் பூஸ்டர் பக்கம் இருக்கிறது. இன்ஜினின் அடிப்பகுதி வாயுவை மேனிஃபோல்டுக்கு இழுக்கும் பிசிவி ஹோஸைப் பிடித்தால் ஐடில் சற்று இறங்குவது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். டாங்க் நிரப்பியவுடன் மட்டும் தடுமாறும் வண்டியில், டாங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்வு ஹோஸையும் ஒருமுறை கிள்ளுங்கள்.

இரண்டாவது, ஸ்ப்ரே. ஓடும் இன்ஜினின் கேஸ்கட் ஓரங்களில் கார்புரேட்டர் கிளீனரை அடித்தால் ஓட்டை உள்ள இடத்தில் ஐடில் மாறும். வேலை செய்யும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் எரியும் திரவத்தைத் தெளிப்பது எனக்கு உவப்பில்லை. அதிலும் குளோரின் கலந்த பிரேக் கிளீனர் சூட்டில் பட்டால் விஷவாயுவாகவே மாறும். வெறும் தண்ணீரைத் தெளித்தாலே ஓட்டை ஒரு கணம் அடைபட்டு சத்தம் மாறும். துல்லியம் குறைவு, தீப்பிடிக்காது. மூன்றாவது, புகை மெஷின். இன்ஜினை நிறுத்திவிட்டு 1 பிஎஸ்ஐக்கும் குறைவான அழுத்தத்தில் புகையை உள்ளே விட்டால் கசியும் இடத்தில் கண்ணெதிரே வெளியே வரும். மேனிஃபோல்டின் அடிப்பக்கம் போல ஸ்ப்ரே எட்டாத இடத்தில் இதற்கு ஈடில்லை. ஆனால் கேஜோ ட்ரிம்மோ கசிவு என்று காட்டிய பிறகு போனால் போதும், எடுத்த எடுப்பில் புகை போடுவது வீண் வேலை.

தாளத்தோடு உதறும் வண்டிக்கு இதெல்லாம் வேண்டாம். இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் இன்ஜினில் எந்த மாற்றமும் இல்லையோ அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. பழைய பாணியில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. கார்புரேட்டர் வண்டியில் வேறு வழியும் இல்லை, சரி, வயரை நன்றாக எர்த் செய்துவிட்டுச் செய்யுங்கள். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் மட்டும் வேண்டாம், எரியாத பெட்ரோல் அதற்குள் போய் அதைச் சுட்டுவிடும். தூங்கும் சிலிண்டர் தெரிந்ததும் அதன் பிளக்கையோ, சிலிண்டருக்கொரு தனி இக்னிஷன் காயில் இருந்தால் அந்தக் காயிலையோ அடுத்த சிலிண்டரோடு இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் பாகம் அதுதான்.

நகரவில்லை என்றால் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று கேஜில் பார்ப்பது). எல்லாப் பிளக்கையும் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துச் சுற்ற வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10, 15 சதவீத வித்தியாசம் வரை பொறுக்கலாம். லீக்டவுன் டெஸ்ட் இதைவிட ஒருபடி மேல், ஏனென்றால் சிலிண்டருக்குள் வெளியிலிருந்து அடைத்த காற்று எங்கே போகிறது என்று காதாலேயே கேட்கலாம்: சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, த்ராட்டிலில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் மூடியில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். ஆனால் கம்ப்ரசர் வேண்டும், பொறுமையும் வேண்டும்.

த்ராட்டில் பாடி, ஐடில் வால்வைக் கழுவுவது கெட்ட வேலை இல்லை, முள் ஏறி இறங்கும் வகைக்குப் பலமுறை அதுவே தீர்வு. தாளத்தோடு உதறும் வண்டியில் அதைச் செய்து நாளைக் கடத்துவதுதான் தப்பு. கார்புரேட்டரில் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே முடுக்கியும் இன்ஜின் அணையவில்லை என்றால் பெட்ரோல் வேறு வழியில் வருகிறது. த்ராட்டில் அதிகம் திறந்திருக்கிறதா, ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் நிற்கும் அளவு) உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

கடைசியாக, குளிர்ந்த நிலையில் மட்டும் குலுங்கி, சூடானதும் சரியாகிவிடும் வண்டி இருக்கிறது. அதை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனால் போய்ச் சேருவதற்குள் நோய் மறைந்துவிடும், கேட்டால் ஒன்றுமில்லையே என்பார்கள். இரவே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே கேஜை மாட்டச் சொல்லுங்கள். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரின் எண்ணையும் அப்போதே பார்த்துவிடலாம், இரவு முழுக்க நின்ற வண்டியில் அது வெளிக்காற்றின் வெப்பத்தையே காட்ட வேண்டும்.