மெரூன் கேட்டால் செங்கல் நிறம்: களியக்காவிளை பக்கத்தில் வாசல் கதவுக்கு பெயிண்டு அடிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

புது வீடு, அயனி மரக் கதவு, ஏழடிக்கு மூன்றரை அடி. வீட்டுக்காரர் ஷேடு கார்டில் கடும் மெரூனைக் காட்டினார். பொருளும் கூலியும் சேர்த்துப் பேசிய காண்ட்ராக்டர் நாலு லிட்டர் எனாமலுக்குக் கணக்கு எழுதினார். வந்ததோ செங்கல் நிறம். இரண்டு வாரம் கழிந்தும் கதவைத் தள்ளினால் உள்ளங்கையில் சிவப்பு ஒட்டியது. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்ததும் அடிப்பலகையில் கொப்புளம். "மரத்துல ஈரம், ஆசாரிகிட்ட கேளுங்க" என்று சொன்னவர் அதன்பிறகு போனை எடுக்கவில்லை.

ஆசாரி மேல் பழி போடுவது வழக்கமான தப்பித்தல். உண்மையில் நடந்தது வேறு. மெரூன், கரும்பச்சை, கருநீலம் போன்ற அடர் நிறங்களுக்கு, கடையில் நிறம் கலக்கும் மிஷினில் டீப் பேஸ் என்ற அடிப் பெயிண்டை வைக்க வேண்டும். அதில் வெள்ளை நிறமி மிகக் குறைவு. இங்கே வெள்ளை எனாமலில் ஸ்டெயினர் என்ற நிறச் சாயத்தைக் கையால் ஊற்றிக் கலக்கியிருக்கிறார்கள். வெள்ளை அடியில் இருக்கும்வரை எவ்வளவு சிவப்பு ஊற்றினாலும் மெரூன் ஆகாது. அளவு மீறிய ஸ்டெயினர் சரியாகக் காயவும் விடாது. கையில் ஒட்டியது அதனால்தான். மிஷினில் கலக்கிய டின் என்றால் ஷேடு எண், பேஸ், தேதி அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். டின் உங்கள் கண்முன் திறக்கப்பட வேண்டும், ஸ்டிக்கரை போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் கீறல் விழுந்து தொட்டுப் பூச வேண்டி வந்தாலும் அந்த எண்தான் உதவும்.

அளவுக் கணக்கைப் பாருங்கள். கதவின் ஒரு முகம் 24.5 சதுர அடி, இரண்டு முகமும் நிலையும் சேர்ந்தால் ஏறத்தாழ 70. ஒரு லிட்டர் ஒரு கோட்டுக்கு 100 சதுர அடி ஓடும் என்று குறைத்தே வைப்போம். இரண்டு கோட்டுக்கு ஒன்றரை லிட்டர் போதும். சிவப்பு வகை நிறங்கள் பல அடியை எளிதில் மறைக்காது, மூன்றாவது கோட்டும் வரலாம். அப்போதும் இரண்டு லிட்டர் சொச்சம்தான். நாலு லிட்டர் எங்கே போனது?

பிரைமரிலும் கை வைத்திருந்தார்கள். மரக்கதவில் ரெட் ஆக்சைடு அடித்திருந்தது. அது இரும்பு கேட்டுக்கானது. வுட் பிரைமர், காய்ந்தபின் உப்புத்தாள், குழிகளுக்குப் பட்டி, மறுபடி உப்புத்தாள், பிறகு எனாமல் என்பதே வரிசை. கோட்டுக்குக் கோட்டு ஒரு இரவாவது இடைவெளி வேண்டும். பெயிண்டை இளக்க மினரல் டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலந்தால் வாசனையே காட்டிக்கொடுக்கும், பிசுபிசுப்பும் போகாது.

கொப்புளத்துக்குக் காரணம் ஈரம்தான், ஆனால் அது வந்த வழி கதவின் அடி விளிம்பு. கீலைக் கழற்றாமல் நின்ற கதவில் அடித்தால் அந்த விளிம்பு பெயிண்டு படாத வெறும் மரமாகவே இருக்கும். படியில் தெறிக்கும் மழை அதன் வழியாக ஏறி, உள்ளிருந்து பெயிண்டைத் தள்ளும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு என்பதால் மாசி, பங்குனியில் அடிப்பது நல்லது.

நிறத்தைக் கடை விளக்கில் முடிவு செய்யாதீர்கள். சின்ன டின் வாங்கி, அதே மரத்துண்டில் பிரைமரோடு அடித்து, வாசலில் சாய்த்து காலையிலும் சாயங்காலமும் பாருங்கள். செம்மண் முற்றமானால் கிரீம் நிறம் ஒரே மழையில் அழுக்காகும். மேற்கு பார்த்த வாசலில் கறுப்பை ஒட்டிய நிறம் வெயிலை இழுத்துப் பலகையின் இணைப்பைப் பிளக்கும்.

"கேரள எல்லை தாண்டி பாறசாலையில் எடுத்தால் வரி குறைவு" என்பதும் சுத்தப் புளுகு. பெயிண்டுக்கு ஜிஎஸ்டி அங்கும் இங்கும் 18 சதவீதம்தான். விலை குறைகிறது என்றால் பில் இல்லாமல் விற்கிறார்களா என்று பாருங்கள். பில்லும் ஸ்டிக்கர் போட்டோவும் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் சொல்லலாம். கடை கேரளத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.