டின்னவெல்லியைத் தேடக் கற்றுக்கொண்ட நூலகம்

2018-ல் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்தேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களும், ஊர்மக்களே கூடி அவற்றைப் பராமரிக்கும் குடிமராமத்தும்தான் தலைப்பு. பட்டம் வாங்கி, பிறகு வேலைக்கும் வந்துவிட்டேன். ஆனாலும் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் மின் வளங்களைத் திறக்காத வாரம் கிடையாது. இந்தக் காலத்தில் அது நிறைய மாறியிருக்கிறது. அதில் எது உண்மையிலேயே உதவியது, எது வெறும் அலங்காரம் என்று ஒரு பயனராகச் சொல்கிறேன்.

நான் சேர்ந்தபோது நூலக இணையதளத்தில் சுட்டிகளின் நீளமான பட்டியல் ஒன்றுதான் இருந்தது. அச்சு நூலுக்கு ஓபேக் என்ற இணைய நூற்பட்டியல், ஆய்வேட்டுக்கு வேறு தளம், இதழ்களுக்குப் பதிப்பகம் வாரியாக ஒவ்வொரு கதவு. ஒரே சொல்லை ஏழெட்டு இடத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். அதுவும் வளாக இணையத்தில் மட்டுமே திறக்கும். விடுதி வைஃபை அந்தக் கணக்கில் சேராது என்பதால், மாலை நேரங்களில் பென் டிரைவோடு நூலகக் கணினி முன்னால் வரிசையில் நிற்போம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருக்கும் என் ஊருக்கு வந்து மாட்டிக்கொண்டேன். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி அணைக்கட்டு எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். ஆனால் அதைப் பற்றிய கட்டுரைகள் ஓர் இரவுப் பேருந்து தூரத்தில், பூட்டிய வளாகத்துக்குள் இருந்தன. அந்த மாதங்களில் கைகொடுத்தது சோத்கங்காதான். காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் அந்த ஆய்வேட்டுக் களஞ்சியத்துக்கு உள்நுழைவே தேவையில்லை. ஆய்வேடுகளை இயல் இயலாகப் பிரித்து வைத்திருப்பார்கள். கிராமத்தில் டேட்டா தீரும் கவலையோடு படிப்பவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று நகரத்தில் இருப்பவர்களுக்குப் புரியாது.

சில மாதங்கள் கழித்து வெளியிலிருந்து உள்நுழையும் வசதி வந்தது. ஒரே பயனர் பெயர், ஒரே கடவுச்சொல். பதிப்பகத் தளத்துக்குப் போய், நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் நம் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கத்துக்கு அனுப்பும். கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது நம் நிறுவனம். பதிப்பகத்துக்குப் போவது ‘இவர் எங்கள் ஆள்தான்’ என்ற தகவல் மட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ‘நிறுவனம் வழியாக’ என்ற பொத்தானை ஒவ்வொரு தளமும் ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கும். கட்டணம் கேட்கும் பக்கத்தைப் பார்த்ததும் மாணவர்கள் திரும்பிவிடுகிறார்கள். பணம் கட்டி வாங்கிய வளம் இப்படித்தான் வீணாகிறது.

2021-ல் ஒற்றைத் தேடல் பெட்டி வந்தது. எங்கள் நூலகம் ஏற்கெனவே கோஹா என்ற நூலக மென்பொருளில்தான் ஓடிக்கொண்டிருந்தது. நியூசிலாந்தில் பிறந்தது, கட்டற்ற மென்பொருள்; கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. அதிலுள்ள நூற்பட்டியல், ஆய்வேட்டுக் களஞ்சியம், மின்னிதழ்கள் ஆகியவற்றின் தலைப்பு, ஆசிரியர், பொருள் விவரங்களை மட்டும் ‘அறுவடை’ செய்து ஒரே இடத்தில் தேடக் கொடுக்கிறார்கள். முழுக் கோப்பு அதனதன் இடத்திலேயே இருக்கும்.

முதல் நாள் ஆசையாகத் ‘திருநெல்வேலி’ என்று ஆங்கிலத்தில் அடித்தேன். 1917-ல் பேட் என்ற அதிகாரி எழுதிய மாவட்ட கெசட்டியர் வரவே இல்லை. எங்கள் நூலக அலமாரியில் நானே கையால் எடுத்த புத்தகம் அது! காரணம் எளிது. அதன் அட்டையில் இருப்பது திருநெல்வேலியின் ஆங்கிலேயர் காலப் பெயரான டின்னவெல்லி. ஆறும் அப்படித்தான்: பழைய ஆவணங்களில் தாம்ரபர்ணி, இப்போதைய அரசு ஏடுகளில் வேறு எழுத்துக்கூட்டல், தமிழில் தேடினால் தாமிரபரணி, தாமிரவருணி, பொருநை. குடிமராமத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன்.

நூலகர் மேடத்திடம் போய்ப் புலம்பினேன். ‘எழுதிக் கொடுங்க, பாப்போம்’ என்றார். பத்துச் சொற்களுக்கு ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அவரோ ‘முடிவு எதுவும் இல்லை’ என்று வந்த தேடல்களின் பதிவை வாரா வாரம் எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். யார் தேடினார்கள் என்பது அதில் இருக்காது, என்ன தேடினார்கள் என்பது மட்டும் இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் மாற்று எழுத்துக்கூட்டல்களைச் சேர்த்து ஒரே தலைப்புக்கு இணைத்தார். நூலகவியலில் இது பழைய வேலைதான். அட்டைப் பெட்டிக் காலத்தில் ‘இதைக் காண்க’ என்று ஒரு அட்டை செருகி வைப்பார்களே, அதேதான். ஓர் ஆண்டுக்குள் என் தேடல்களின் நிறமே மாறிவிட்டது. மென்பொருளுக்கு விழா எடுத்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள். இந்த வேலைக்கு ஒரு சுற்றறிக்கைகூட வரவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. எங்கள் களஞ்சியத்தில் இருக்கும் பழைய தமிழ் ஆய்வேடுகள் பல, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை. பார்க்கத் தமிழாக இருக்கும். நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். தேடல் பெட்டிக்குத் தெரிவதும் அந்தக் குப்பைதான். அச்சு நூல்களைப் படமெடுத்து, படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் எழுத்துணரி மென்பொருள் வழியாக அனுப்பினாலும், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்களில் அது தடுமாறுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தை எங்கள் பெட்டி இன்னும் எட்டவில்லை. அங்கே தனியாகத்தான் போகிறேன்.

2025 ஜனவரியில், ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் தொடங்கியது. 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். அரசு நடத்தும் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. அறிவியல் துறை நண்பர்கள் குதிக்கிறார்கள், நியாயம்தான். எனக்கும் முன்பு கட்டணம் கேட்ட சில வரலாற்று இதழ்கள் திறக்கின்றன. ஆனால் குளங்களைப் பற்றித் தமிழில் எழுதியவை அந்தப் பட்டியலில் கிடைக்கப் போவதில்லை.

கடைசியாக ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது. ‘குளம்’ என்று தேடினால் ‘குளத்துப் பாசனம்’ வராது, ‘குளங்கள்’ வராது. வேற்றுமையோ பன்மையோ ஏறினால் சொல் உருமாறும் என்று பெட்டிக்குத் தெரியவில்லை. சரி என்று ‘குள’ வரை மட்டும் அடித்து நட்சத்திரக் குறி போட்டால் குளவி, குளியல், அப்புறம் மாட்டின் குளம்பு நோய் பற்றிய ஆய்வேடு எல்லாம் வந்து நிற்கின்றன. மேடத்திடம் சொல்லியிருக்கிறேன். அவர் வழக்கம்போல ஒரு தாளை நீட்டினார்.