பிக்கிங் வேகம் இரட்டிப்பாகும் என்று விற்க வருபவர்களிடம் உஷார்

கிடங்கு நடத்துபவர்கள் யாராக இருந்தாலும், அடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். பிக்கிங் வேகத்தை, அதாவது ஆர்டருக்கான பொருட்களை ரேக்கிலிருந்து எடுக்கும் வேகத்தை, இரண்டு மடங்காக்கித் தருகிறோம் என்று வந்த ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம், எங்களிடம் பெரிய தொகையை வாங்கிக்கொண்டு வேலையை முன்பைவிட மோசமாக்கிவிட்டது.

அவர்கள் ஆரம்பித்த இடம் சரிதான். கிடங்கு நடத்தும் செலவில் பாதியளவு பிக்கிங்குக்கே போகிறது என்பது இந்தத் துறையில் வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு. பிக்கரின் நேரத்தைப் பெரும்பாலும் தின்பது நடைதான். நடையைக் குறைக்கும் வழி எங்களிடம் மட்டுமே இருக்கிறது என்றார்கள். அது பொய். இணையான ரேக் வரிசைகள் கொண்ட செவ்வகக் கிடங்கில் மிகக் குறைந்த நடைக்கான வழியைக் கணக்கிடும் முறையை ராட்லிஃப், ரோசன்தால் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1983-லேயே வெளியிட்டுவிட்டார்கள்.

பெரிய ஏமாற்று வேலை நடந்தது அளந்த விதத்தில். டெமோவில் பேட்ச் பிக்கிங் காட்டினார்கள், அதாவது பல ஆர்டர்களுக்கான பொருளை ஒரே சுற்றில் எடுத்துவருவது. பொருள் டிராலியில் விழுந்ததுமே நேரக் கணக்கை முடித்துக்கொண்டார்கள். எது எந்த ஆர்டருக்கு என்று பிரிக்கும் வேலை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை. போதாததற்கு, டெமோவுக்கு அவர்கள் கொண்டுவந்தவை முழுக்க ஒரே ஒரு லைன், அதாவது ஒரே வகைப் பொருள் மட்டும், உள்ள ஆர்டர்கள். அதில் பிரிக்க என்ன இருக்கிறது? எங்களுக்கு வருபவை பெரும்பாலும் பல லைன் ஆர்டர்கள்.

நிஜ வேலை தொடங்கியதும் நிரம்பிய டிராலிகள் பேக்கிங் மேசை முன்னால் வரிசைகட்டி நின்றன. பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பெட்டிகள், லேபிளில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. பேக்கிங் செய்யும் அக்கா இரண்டையும் கண்ணுக்கு அருகில் வைத்து ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ரேக்கின் முன்னாலேயே ஸ்கேனரில் முடிய வேண்டிய வேலை அது.

அப்புறம் பொருட்களை இடம் மாற்றினார்கள். அதிகம் விற்பதை எல்லாம் முதல் வரிசையிலேயே அடுக்கச் சொன்னது சிஸ்டம். ஏட்டளவில் நடை குறைந்தது. நேரில் எல்லா டிராலியும் அந்த ஒரே சந்தில் மாட்டிக்கொண்டன, ரேக்கை நிரப்ப வருபவர்களும் அங்கேயே. எடையை அது பார்க்கவே இல்லை. இடுப்புக்கும் தோளுக்கும் இடையில் இருக்க வேண்டிய கனமான பெட்டிகள் மேல் தட்டுக்குப் போயின. ஒரு தம்பிக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

புகார் சொன்னபோது, உங்கள் ஆட்கள் இன்னும் பழகவில்லை என்று பதில் வந்தது. கூடவே, யார் யார் மெதுவாக எடுக்கிறார்கள் என்று பெயர் வாரியாக ஓர் அறிக்கை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பட்டியலில் முதலில் இருந்தவர் தவறே இல்லாமல் எடுப்பவர். சிஸ்டம் தவறான பின்னை (ரேக்கில் பொருள் வைக்கும் அறையை) காட்டும்போதெல்லாம் சரியானதைத் தேடிப் பிடித்து எடுத்ததால் அவருக்கு நேரம் கூடியது.

உங்களிடம் யாராவது வந்தால், உங்கள் கிடங்கின் பரபரப்பான ஒரு மாதத்து ஆர்டர்களைக் கொடுத்து அதில் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆர்டர் இறங்கியதிலிருந்து பெட்டி ஒட்டப்படும் வரையிலான நேரத்தை அளக்கச் சொல்லுங்கள், தவறாகப் போனவற்றின் எண்ணிக்கையோடு சேர்த்து. முதலில் ஒரு பகுதியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் வேக உறுதிக்குப் பக்கத்தில் 'உகந்த சூழலில்' என்று ஒரு சொல் இருந்தது, இன்று அவர்கள் ஒளிந்துகொள்வது அதன் பின்னால்தான். அப்படிப்பட்ட சொல்லை அடிக்கச் சொல்லுங்கள். விலகும்போது எந்தப் பொருள் எந்தப் பின்னில் இருக்கிறது என்ற விவரம் முழுவதையும் எக்செல்லில் இலவசமாகத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எங்களிடம் அதற்கும் தனிக் கட்டணம் கேட்கிறார்கள். கடைசித் தவணையை நிறுத்திவைத்திருக்கிறோம். பின்களின் விவரங்களை ஆட்கள் ரேக் ரேக்காகப் போய்க் கையால் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.