கிட்ஹப்பின் பொறுப்புப் பகிர்வு வசதிகள்: சிறு தன்னார்வலர் குழுவுக்குத் தேறுமா?

நம் சிங்கப்பூரின் நான்கு மொழிகளிலும் இயங்கும் ஒரு திறமூலச் (நிரலை எவரும் பார்க்கத் திறந்து வைத்த) செயலி. நிரல் எழுத மூன்று பேர், தமிழ் வாசகங்களைப் பார்க்க ஓர் ஆசிரியை, பிழைப் புகார்களை வகை பிரிக்க ஒரு பாலிடெக்னிக் மாணவர். இப்படி ஒரு குழு, யார் எதைத் தொடலாம், யார் தலையாட்டாமல் எது வெளியே போகக்கூடாது என்பதை, நிரலைச் சேமித்துக் கூட்டாக உருவாக்க உதவும் இணையச் சேவையான கிட்ஹப்பின் இலவசத் திட்டத்தில் எவ்வளவு கட்டி வைக்க முடியும்? பொதுவில் திறந்திருக்கும் ரெப்போ (நிரல் களஞ்சியம்) என்றால் தாராளமாக முடியும். ஆனால் வந்த அமைப்பிலேயே விட்டால் அது எதையும் தடுக்காது.

முதலில் கணக்கு வகை. ரெப்போ ஒருவருடைய சொந்தக் கணக்கில் இருந்தால் ஓனர், கொலாபரேட்டர் என்று இரண்டே நிலைதான். கொலாபரேட்டராகச் சேர்த்த எல்லோருக்கும் நிரலில் நேரடியாகக் கைவைக்கும் உரிமை வந்துவிடும். ஆர்கனைசேஷன் கணக்கு திறந்தால்தான் ரீட் (படிக்க), ட்ரியாஜ் (புகார்களை வகை பிரிக்க), ரைட் (நிரலை எழுத), மெயின்டெய்ன் (பராமரிக்க), அட்மின் (நிர்வகிக்க) என்ற ஐந்து படிகளும் கிடைக்கும். அதற்கும் காசு கிடையாது. செட்டிங்ஸின் அடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபரை அழுத்தி ரெப்போவை மாற்றிவிடலாம். பழைய முகவரிக்கு வருபவர்களை கிட்ஹப்பே புதிய இடத்துக்கு அனுப்பிவிடும்.

ஐந்தில் நன்றாக யோசித்துச் செய்தது ட்ரியாஜ். மாணவர் இஷ்யூக்களை (பதிவான புகார்களை) மூடலாம், திறக்கலாம், ஒருவர் பெயரில் ஒதுக்கலாம், லேபிள் ஒட்டலாம். நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. புதிய லேபிளை உருவாக்க மட்டும் ரைட் வேண்டும். ஆகவே 'தமிழ்', 'மலாய்', 'அவசரம்' போன்றவற்றை முன்கூட்டியே உருவாக்கிக் கொடுத்துவிட்டால் அவர் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

சிக்கல் ஆசிரியையிடம்தான் தொடங்குகிறது. அவருக்கும் ட்ரியாஜ் கொடுத்தால் புல் ரிக்வெஸ்டை (நிரலில் மாற்றம் சேர்க்கக் கேட்டு அனுப்பும் கோரிக்கையை) படித்து 'அப்ரூவ்' அழுத்த முடியும், ஆனால் அது சாம்பல் நிற டிக்காகத்தான் விழும். மெர்ஜுக்கு, அதாவது மாற்றத்தை நிரலில் சேர்ப்பதற்கு, தேவையான ஒப்புதலாக எண்ணப்படாது. ரைட் உள்ளவருடைய டிக்தான் பச்சை. எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் தமிழ்க் கோப்புறைக்கு அவர் பெயரைப் போட்டாலும் இதே கதைதான்: ரைட் இல்லாதவரின் பெயர் அங்கே செல்லாது. அதாவது மொழியை மட்டும் பார்ப்பவருக்கும் நிரல் முழுவதையும் மாற்றும் உரிமையைக் கொடுத்தாக வேண்டும். இந்தச் சேவையில் எங்களுக்குப் பெரிய ஓட்டையாகப் படுவது இதுவே. இடைநிலை ஒன்றை நாமே வகுத்துக்கொள்ளும் வசதி எண்டர்பிரைஸ் திட்டத்தில்தான் உண்டு.

மாற்று வழி, ரைட் கொடுத்துவிட்டு மெயின் பிராஞ்சை, அதாவது நிரலின் முதன்மைக் கிளையை, பூட்டுவது. பிராஞ்ச் புரொடெக்‌ஷனில் புல் ரிக்வெஸ்ட் கட்டாயம், ஓர் ஒப்புதலாவது வேண்டும், கோட்ஓனர் ஒப்புதல் வேண்டும், புதிய கமிட் (பதிவுசெய்த மாற்றம்) வந்தால் பழைய ஒப்புதல் ரத்து என்ற நான்கையும் தேர்ந்தெடுங்கள். ஐந்தாவதாக, விதிகளை யாரும் தாண்டக் கூடாது என்ற பெட்டி. அதை விட்டுவிட்டால் அட்மின்களுக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. அவசரத்தில் நேராகத் தள்ளுவது பெரும்பாலும் அட்மின்தானே!

கோட்ஓனர்ஸ் கோப்பை எழுதும்போது வரிசை முக்கியம். ஒரு கோப்புக்குப் பல வரிகள் பொருந்தினால் கடைசி வரிதான் செல்லும். எல்லாவற்றுக்கும் பொதுவான நட்சத்திரக் குறி வரியை மேலே வையுங்கள். கீழே வைத்தால் மொழிவாரியாக எழுதிய அத்தனையும் வீண். ஒரு வரிக்கு இரண்டு பெயராவது இருக்கட்டும். யாரும் தம் புல் ரிக்வெஸ்டுக்குத் தாமே ஒப்புதல் தர முடியாது என்பதால், ஒற்றைப் பெயர் உள்ள வரியில் அந்த நபரே மாற்றம் அனுப்பினால் வேலை அப்படியே நின்றுவிடும். இரண்டு பெயர் இருந்தால் ஒருவர் ஒப்புதலே போதும். ஒருவர் ரிசர்விஸ்ட் பயிற்சிக்காக முகாமுக்குப் போயிருந்தாலும் வேலை நகரும்.

வெளியீட்டுப் பொறுப்புக்கு கிட்ஹப்பில் தனிப் படி இல்லை. ரைட் உள்ள எவரும் ரிலீஸ் போடலாம். 2024 மார்ச்சில் வெளிவந்த எக்ஸ்இசட் யூட்டில்ஸ் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்தை நினைத்தால் இது உறுத்துகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நல்லபிள்ளையாகப் பங்களித்து இணைப் பராமரிப்பாளரான ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்தார். அதை இயக்கிவிடும் வரி கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய டார் என்ற தொகுப்புக் கோப்பில் மட்டுமே இருந்தது. ஒரே ஆள் தன் கணினியில் கட்டி ஏற்றும் பழக்கத்தின் பலவீனம் அது. கிட்ஹப்பில் இதற்கு ஓரளவு மருந்து உண்டு: 'ரிலீஸ்' என்று ஓர் என்விரான்மென்ட் (தனி விதிகளும் சாவிகளும் கொண்ட சூழல்) உருவாக்கி, வெளியீட்டுச் சாவிகளை அதற்குள் மட்டும் வைத்து, ஒப்புதலாளர்களாக இருவரைப் போட்டு, சுய ஒப்புதலைத் தடுக்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள். பொது ரெப்போவுக்கு இதுவும் இலவசம். பதிப்புகளுக்கு இடும் அடையாளக் குறிகளான டேக்குகளுக்குத் தனியாக ரூல்செட் (விதித் தொகுப்பு) போட மறக்காதீர்கள்; பிராஞ்சுக்குப் போட்ட பூட்டு டேக்குக்குப் பொருந்தாது.

உரிமை என்ன என்பதைத்தான் கிட்ஹப் கேட்கும். கடமை என்ன என்று கேட்காது. புகாருக்கு எத்தனை நாளில் பதில், பாதுகாப்புப் பிழை வந்தால் யாருக்குத் தகவல், ஆறு மாதம் காணாமல் போனவரின் ரைட்டை யார் எடுப்பது போன்றவற்றை மெயின்டெய்னர்ஸ் என்ற கோப்பில் நீங்களே எழுதி வைக்க வேண்டும். நீங்களாக எடுக்காதவரை பழைய உரிமை அப்படியே கிடக்கும். ஆர்கனைசேஷன் ஓனராக இருவராவது இருக்க வேண்டும். கிட்ஹப்புக்கு வெளியே இருப்பவற்றையும் அதே கோப்பில் சேருங்கள்: பிளே ஸ்டோர் கணக்கு, டாட் எஸ்ஜி டொமைன். டொமைனின் நிர்வாகத் தொடர்பாளர் தம் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) வழியாக உறுதிசெய்தவர். அவர் விலகும்போது ரெப்போ கைமாறினாலும் டொமைன் தானாகக் கைமாறாது.

இதே போன்ற சேவையான கிட்லாப் எப்படி? அங்கே முதன்மை பிராஞ்ச் தொடக்கத்திலேயே பூட்டித்தான் வரும். அது நல்ல விஷயம். ஆனால் கோட்ஓனர்ஸ் வசதிக்கு அங்கே கட்டணத் திட்டம் வேண்டும். மொழிவாரி ஒப்புதல் தேவைப்படும் குழுவுக்கு கிட்ஹப்தான் மலிவு. ரெப்போவைத் தனிப்பட்டதாக வைக்க நினைத்தால் மட்டும் கணக்கு மாறும்: பிராஞ்ச் பூட்டு, கோட்ஓனர்ஸ் இரண்டுக்குமே டீம் திட்டம் வேண்டும், ஆளுக்கு மாதம் 4 அமெரிக்க டாலர்.