ஆரோவில் மண் கல்: வாங்கும் முன், அச்சில் போடும் முன்

ஆரோவில் பார்வையாளர் மையத்தின் பூசாத மண் கல் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, 'நம்ம வீட்டையும் இதுலயே கட்டிடலாம்' என்று கிளம்புகிறவர்கள் நிறைய. 1989இல் தொடங்கி 1992இல் முடிந்த 1,200 சதுர மீட்டர் கட்டடம் அது. முடிந்த ஆண்டே எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரிலான விருது பெற்றது. அதே ஆரோவிலில் விகாஸ் குடியிருப்பு இந்தக் கல்லிலேயே நான்கு தளம் எழும்பி நிற்கிறது. கல் தாங்குமா என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. உங்கள் மனையில் என்ன மண் என்பதுதான் கேள்வி.

சலித்த செம்மண், எடையில் 5 சதவீதம் சிமெண்ட், கொஞ்சம் தண்ணீர். இவ்வளவுதான் சரக்கு. கலந்து, இரும்பு அச்சில் கொட்டி அழுத்தினால் கல். சூளையும் இல்லை, விறகும் இல்லை. 1989இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் வடிவமைத்த ஆரம் 3000 என்ற அழுத்தும் இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டாம். நீண்ட நெம்புகோலை ஆள் பிடித்து இழுத்தால் 15 டன் வரை அழுத்தம் கிடைக்கும். அச்சை மாற்றினால் முழுக்கல், முக்கால் கல், அரைக்கல், கம்பி விட நடுவில் துளையுள்ள கல் எல்லாம் வரும். மூலைக்கும் ஜன்னல் ஓரத்துக்கும் கல்லை உடைக்கிற வேலை மிச்சம். 24×24×9 செ.மீ. கல் கிட்டத்தட்ட 10 கிலோ. இதை ஒரு கையால் எடுத்து வைக்க முடியாது. செங்கல்லில் கை பழகிய கொத்தனார் முதல் வாரம் முணுமுணுக்கத்தான் செய்வார். 29.5×14×9 செ.மீ. அளவு 7 கிலோதான், ஒற்றை மாடி வீட்டுக்கு அதுவே தோது.

மண்ணுக்கு வருவோம். சிமெண்ட் சேர்க்கும் கல்லுக்கு உகந்த கலவை: சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். ஆரோவில் மேட்டின் செம்மண்ணை இதற்குப் பக்கமாகக் கொண்டுவருவது எளிது, அதனால்தான் அங்கே இந்தக் கல் வேரூன்றியது. காவிரிப் படுகைக் களியையோ கோவில்பட்டிக் கரிசலையோ அப்படியே அச்சில் போட்டால் காயும்போது வெடிக்கும். களி மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு பொருந்தும். அதற்கு விகிதமும் காக்க வேண்டிய காலமும் வேறு. கடலோர உப்பு மண் என்றால் சுவரில் வெள்ளை பூக்கும்.

சோதனைக்கு லேபுக்கு ஓடுமுன் ஒரு கண்ணாடி ஜாடி போதும். மேல்மண் 30 செ.மீ. அளவுக்கு ஒதுக்கிவிட்டு (வேரும் மக்கும் நிறைந்த அது தோட்டத்துக்கு, கல்லுக்கு ஆகாது) கீழே தோண்டிய மண்ணைக் கால் ஜாடி போட்டு, தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புடன் குலுக்கி வையுங்கள். மணல் உடனே படியும், வண்டல் அரை மணியில், களி மறுநாள்வரை. அடுக்குகளை அளந்தால் உத்தேச விகிதம் தெரியும். களி சற்று அதிகமென்றால் மணல் கலக்கலாம். பாதிக்குப் பாதி வெளி மணல் தேவைப்படும் மண்ணில் இந்தக் கல்லை மறந்துவிடுவது நல்லது. மணல் லோடு விலையிலேயே லாபம் கரைந்துவிடும்.

தயாரிப்பில் பெரும்பாலும் கெடுவது தண்ணீரும் நேரமும். சிமெண்டையும் மண்ணையும் ஒரே நிறம் வரும்வரை உலர்வாகப் புரட்டிய பிறகே பூவாளியில் தெளிக்க வேண்டும். ஒரு பிடி எடுத்து உருண்டையாக்கித் தோள் உயரத்திலிருந்து கீழே போடுங்கள். நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். சப்பையாக ஒட்டினால் ஈரம் அதிகம், பொடியாகச் சிதறினால் போதாது. தண்ணீர் பட்ட கலவையை அரை மணிக்குள் அழுத்தி முடிக்க வேண்டும். வேலை ஓடட்டும் என்று ஒரேயடியாகக் கலந்து வைத்துவிட்டு டீ குடித்து வந்தால், அச்சுக்குள் போவது செத்த சிமெண்ட். கல் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஒரு மழையில் வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு முறையும் அச்சில் ஒரே அளவு மண் விழ வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் கல்லின் உயரமும் இறுக்கமும் மாறும். பூசாத சுவரில் இரண்டு மில்லி மீட்டர் பிசகுகூடக் கண்ணை உறுத்தும்.

எடுத்த கல்லை அடுக்கி, இரண்டு நாள் பிளாஸ்டிக் போர்த்தி, பிறகு மொத்தம் 28 நாள் ஈரம் காயாமல் தண்ணீர் காட்ட வேண்டும். பத்தாம் நாளே சுவர் ஏற்றும் அவசரக்காரர்களால்தான் மண் கல்லுக்குக் கெட்ட பெயர்.

நன்றாகச் செய்த கல் காய்ந்த நிலையில் சதுர செ.மீ.க்கு 40 முதல் 60 கிலோ தாங்கும். நனைந்து ஊறினால் அதில் பாதிதான். இந்த ஒரு எண்தான் வீட்டின் உருவத்தையே தீர்மானிக்கிறது. வடகிழக்குப் பருவமழை சாய்ந்து அடிக்கும் ஊரில், சன்ஷேடு இல்லாத தட்டைப் பெட்டி வீட்டை மண் கல்லில் கட்டுவது வீண். தரையிலிருந்து தெறிக்கும் நீர் எட்டாதபடி 45 செ.மீ.க்காவது கருங்கல் பேஸ்மெண்ட், அதன்மேல் ஈரம் ஏறாத ஒரு தடுப்பு, மேலே முக்கால் மீட்டருக்குக் குறையாத இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு). மண் சுவர் வைத்த நம் பழைய வீடுகளில் இறவாணம் குனிந்து நுழையும் அளவுக்கு இறங்கியிருந்ததும், சுவரைச் சுற்றித் திண்ணை ஓடியதும் இதே கணக்கில்தான்.

கட்டும்போது கல்லை நனைத்து வையுங்கள். இணைப்புக் கலவை கல்லைவிடக் கடினமாக இருக்கக் கூடாது. சிமெண்டும் மணலும் மட்டும் சேர்ந்த வலுத்த சாந்து போட்டால், சுவர் அசையும்போது விரிசல் கல்லின் நடுவே ஓடும். அதே மண்ணைச் சேர்த்த கலவை, ஒரு செ.மீ. கனம் போதும். வயர் குழாய் போகும் வழியைத் துளைக்கல் வைத்து முன்கூட்டியே ஒதுக்க வேண்டும், ஏனென்றால் கட்டிய சுவரை மெஷினால் அறுத்தால் அந்தக் காயம் மறையவே மறையாது. இதற்குக் கட்டுமுன்னே எலக்ட்ரீஷியனை உட்காரவைத்துப் பேச வேண்டும். நம் ஊரில் அதுதான் கடினமான காரியம்.

செலவு? 150 சதுர மீட்டர் சுவருக்கு, 24 செ.மீ. கனத்தில், சுமார் 6,000 கல். சிமெண்ட் 60 மூட்டை பக்கம். பழகிய ஏழெட்டுப் பேர் நாளுக்கு ஆயிரம் கல்வரை எடுப்பார்கள், புதுக் குழு பாதியைத் தொடவே திணறும். செங்கல்லுக்குச் சூளைக்காரருக்கும் லாரிக்கும் போகும் பணம் இங்கே உள்ளூர் ஆட்களின் கூலியாகிறது. கூலி ஏறிய ஊரில் மொத்தத் தொகை பெரிதாகக் குறையாது. இத்தனை கல்லுக்கு மண் தோண்டிய குழியோ 30,000 லிட்டருக்கு மேல் கொள்ளும். அதைத் தூர்க்காமல் மழைநீர்த் தொட்டியாக்கும் வழக்கம் ஆரோவிலில் உண்டு. மண்ணை 60 கிலோமீட்டர் தாண்டி லாரியில் வரவழைக்கிறவருக்குக் குழியும் கிடைக்காது, மிச்சமும் கிடைக்காது. அவர் பக்கத்துச் சூளையிலேயே செங்கல் வாங்கலாம்.

சொந்த மண் ஒத்துவந்தால் தாராளமாக இறங்கலாம். அழுத்தும் இயந்திரத்தை விலைக்கு வாங்காமல், வாடகைக்குக் கிடைத்தால் எடுத்து முதலில் 50 கல் போட்டுப் பாருங்கள். ரெடிமேட் கல் வாங்குகிறவர்கள் மண் கல்லுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1725இன்படி எடுத்த லேப் அறிக்கையைக் கேட்கலாம். காட்டத் தயங்கினால், அடுக்கின் நடுவிலிருந்து நீங்களே உருவிய இரண்டு கல்லை ஒரு நாள் முழுக்க வாளித் தண்ணீரில் ஊறவிட்டு, விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் கீறுங்கள். நகத்தில் மண் அப்பினால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.